வெறும் தண்ணீர் என்று நினைத்த ஓடைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய் வருகிறவர்கள் கிரகரி வாவியையும் குதிரைச் சவாரியையும் ஸ்ட்ரோபெரியையும் படமெடுத்துப் போடுகிறார்கள். அந்த மலைகளின் குளிர்ந்த ஓடைகளில் ஒரு மீன் இருக்கிறது. ட்ரவுட் என்று பெயர். நம் நாட்டு மீன் அல்ல. அந்த மீன் எப்படி வந்தது என்று தேடிப்போனால், நம் பாடநூலில் ஒரு வரிக்குள் அடங்கிப்போன மலைநாட்டு வரலாறு முழுதும் கூடவே வருகிறது. காணிச் சட்டம், நெல் வரி, தோட்டம், குடியுரிமை எல்லாம் அந்த ஓடைக்கரையில்தான் நிற்கின்றன.

முதலில் அந்த மீன்பிடியைப் பற்றிச் சொல்கிறேன். நாம் மகாவலியில் மண்புழுவைக் கோத்து எறிவது போன்றதல்ல அது. ஆங்கிலத்தில் ஃப்ளை ஃபிஷிங் என்பார்கள். தூண்டிலில் இரை இருக்காது. சேவலின் கழுத்து இறகு, நூல், கொஞ்சம் கம்பளி இவற்றை முள்ளில் சுற்றி, பார்த்தால் ஓர் ஈ போலவோ தும்பி போலவோ தெரியும்படி கட்டியிருப்பார்கள். ஓடையின் மேல் பறக்கிற பூச்சி தவறி விழுந்தது என்று மீன் ஏமாந்து கவ்வ வேண்டும். அதுதான் உத்தி.

அந்தப் பொய் ஈக்கு எடையே கிடையாது. அதனால் சாதாரணத் தூண்டிலைப் போல் அதை வீச முடியாது. கனமான ஒரு நூலைப் பின்னாலும் முன்னாலும் காற்றில் சுழற்றி, நூலின் எடையால்தான் ஈயைக் கொண்டுபோய்ப் போடுவார்கள். நீர் மேல் மிதக்கும் ஈ ஒரு வகை. நீருக்குள் அமிழும் ஈ இன்னொரு வகை. பூச்சியின் இளம் பருவத்தைப் போல் அடியோடு உருண்டு போவது மற்றொரு வகை. ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்து நிற்கும். அதனால் பிடிப்பவர் கீழ்ப்புறமிருந்து, அதன் முதுகுப் பக்கமாக, நிழல் விழாமல் மெல்ல வர வேண்டும். எந்த மாதம் எந்தப் பூச்சி அந்த ஓடையில் பறக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

இது புதிய வித்தையும் அல்ல. கி.பி. 200 அளவில் வாழ்ந்த ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மசிடோனியா நாட்டு மக்கள் சிவப்புக் கம்பளியையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி ஆற்றில் மீன் பிடித்ததைக் குறித்து வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் அது கனவான்களின் பொழுதுபோக்காக வளர்ந்தது. அந்தக் கனவான்களின் பிள்ளைகள்தான் கோப்பித் தோட்டத்துரைகளாகவும் அரச அதிகாரிகளாகவும் நம் மலைகளுக்கு வந்தார்கள்.

வந்தவர்களுக்கு நுவரெலியா ஊர் நினைவைத் தந்தது. 1,868 மீற்றர் உயரம், பனி, குளிர். கிரகரி ஆளுநர் காலத்தில் 1873இல் வாவியும் கட்டியாயிற்று. சுற்றிலும் கண்ணாடி போன்ற ஓடைகள். ஆனால் அவர்கள் கண்ணுக்கு அந்த ஓடைகளில் ஒரு குறை தெரிந்தது. தூண்டில் போட ஒரு மீன் இல்லை. தண்ணீர் வீணாக ஓடுகிறது என்று தோன்றியது. ஆகவே மீனையே ஊரிலிருந்து வரவழைப்போம் என்று தீர்மானித்தார்கள்.

உயிர் மீனைக் கப்பலில் கொண்டுவர முடியாது. முட்டையைத்தான் கொண்டுவர வேண்டும். அதற்கான வழியை இன்னொரு காலனி ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது. 1864இல் நோர்ஃபோக் என்ற கப்பல், பனிக்கட்டிக்கு நடுவே ஈரப் பாசியில் பொதிந்த சால்மன், ட்ரவுட் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியா வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கிருந்து அவை தஸ்மேனியாவுக்குப் போய்ப் பொரித்தன. குளிரில் வைத்தால் முட்டையின் வளர்ச்சி மெதுவாகும், பயணம் முடியும்வரை பொரிக்காது. அதுதான் சூட்சுமம். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்ததும் இலங்கைக்கான கடல் வழி வெகுவாகக் குறைந்தது.

1882இல் பழுப்பு ட்ரவுட் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து நுவரெலியாவுக்கு வந்தன. அப்போது ரயில் நானுஓயாவுக்கு வந்திருக்கவில்லை. அது 1885இல்தான் வந்தது. ஆகவே கடைசித் தூரத்தை அந்தப் பெட்டிகள் வண்டியிலும் மனிதத் தோளிலும்தான் ஏறியிருக்க வேண்டும். அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தார்கள். மீன் முட்டைக்குப் பனிக்கட்டி கிடைத்த காலத்தில் மனிதனுக்கு நிழல் கிடைக்கவில்லை.

இந்த மீன் முயற்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு பெயர் சி.ஜே.ஆர். லெ மெசூரியர். சிவில் சேவை அதிகாரி. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 1893இல் வெளியான நுவரெலியா மாவட்டக் கையேட்டை எழுதியவரும் இவரே. மீனை மட்டும் பார்த்தால், ஊர் நினைவில் ஏங்கிய இன்னொரு துரை என்று கடந்து போகலாம். ஆனால் இவருடைய பெயர் வலப்பனையின் சோகத்திலும் வருகிறது.

கண்டியிலிருந்து ஹங்குரன்கெத்த, ரிக்கில்லகஸ்கட தாண்டிப் போனால் வலப்பனை. நெல் விளையும் சிங்களக் கிராமங்கள். 1878ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நெல் வரியைப் பணமாகக் கட்டச் சொன்னது. முன்பு விளைந்ததில் ஒரு பங்கு கொடுத்தால் போதும், விளையாத வருடத்தில் பங்கும் குறையும். இப்போது விளைந்தாலும் விளையாவிட்டாலும் காசு கட்ட வேண்டும். அதே ஆண்டுகளில் கோப்பி இலை நோயால் கோப்பி அழிந்துகொண்டிருந்தது. கிராமத்தவர் வீட்டுத் தோட்டத்துக் கோப்பியை விற்றுத்தான் கையில் காசு பார்த்தார்கள். அந்தக் காசும் நின்றது. வரி கட்ட முடியாதவர்களின் வயல்களை அரசு ஏலத்தில் விற்றது. 1880களின் முற்பாதியில் வலப்பனையில் குடும்பம் குடும்பமாக நிலத்தை இழந்தார்கள். பட்டினியிலும் நோயிலும் நிறையப் பேர் இறந்தார்கள்.

இதை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் லெ மெசூரியர். தன் மாவட்டத்தில் எத்தனை பேரின் வயல் விற்கப்பட்டது, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கணக்கெடுத்து அறிக்கை எழுதினார். மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் விஷயம் இலண்டன் வரை போயிற்று. ஜோர்ஜ் வோல் போன்றவர்கள் அந்த வரிக்கு எதிராக எழுதினார்கள். 1892இல் நெல் வரி ஒழிக்கப்பட்டது.

இங்கே நின்று யோசியுங்கள். நுவரெலியாவின் ஓடைகளில் வெளிநாட்டு மீன் குஞ்சுகளைக் கண்ணும் கருத்துமாக விட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில், அதே மாவட்டத்தில், மலைக்குக் கீழே, தண்ணீரும் வயலும் இருந்தும் மனிதர் பட்டினியில் இறந்தார்கள். இரண்டிலும் ஒரே அதிகாரியின் பெயர். இரண்டாவதில் அவர் நியாயத்தின் பக்கம் நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லெ மெசூரியரின் கதை அதோடு முடியவில்லை. அவருடைய விவாகரத்து வழக்கு மாத்தறை மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி, இலங்கை உயர் நீதிமன்றத்தில் தோற்று, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1895இல் வந்த அந்தத் தீர்ப்பு, விவாகரத்து கொடுக்கும் அதிகாரம் கணவன் நிரந்தரமாக வதியும் நாட்டின் நீதிமன்றத்துக்கே உண்டு என்றது. உலகெங்கும் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் லெ மெசூரியர் வழக்கு என்று படிப்பது இதைத்தான். இங்கே விவாகரத்து செல்லாது என்றானதும் மனிதர் இஸ்லாத்தைத் தழுவி, முஸ்லிம் முறைப்படி மறுமணம் செய்துகொண்டார். ஆங்கிலேய சமூகம் கொதித்துப்போனது. அவருடைய நிய்யத் என்ன என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள விஷயம். நமக்கு வேண்டியது வரலாறு.

அரச சேவையிலிருந்து நீக்கப்பட்ட பிறகு அவர் செய்த வேலைதான் என் கதைக்கு முக்கியம். அரசு தனக்குச் சொந்தம் என்று சொன்ன காணிகளைக் கிராமத்தவரிடமிருந்து விலைக்கு வாங்கி, அரசோடு வழக்காடினார். அதை விளங்க 1840க்குப் போக வேண்டும். அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ குடியேறாமலோ பயிரிடாமலோ கிடக்கும் நிலமெல்லாம், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியது என்றது. கண்டி நாட்டில் சேனைக் காணிக்கும் உறுதி காட்டு என்றது. சேனை என்றால் என்ன? ஒரு வருடம் வெட்டிப் பயிர் செய்து, பிறகு பல வருடம் காடாக விட்டு, மண் தேறியதும் திரும்பி வருவது. காடாக விட்டிருக்கும் வருடத்தில் வந்து பார்த்தால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் போலத்தான் தெரியும். அப்படித் தெரிந்த நிலம்தான் கோப்பித் தோட்டமாயிற்று, பிறகு தேயிலைத் தோட்டமாயிற்று. 1897இல் தரிசு நிலச் சட்டம் என்று இன்னொன்று வந்து பிடியை மேலும் இறுக்கியது. லெ மெசூரியர் இதை எதிர்த்தது நியாயத்துக்காகவா, தன் லாபத்துக்காகவா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் அந்த நிலம் வெறும் நிலம் அல்ல என்பதை அவர் விளங்கியிருந்தார்.

நிலம் வெறுமையில்லை என்று விளங்கிய அந்த மனிதருக்குக்கூட, ஓடை வெறுமையில்லை என்று தோன்றவில்லை.

அந்த ஓடைகளில் இருந்தவை என்ன? ஹோர்ட்டன் சமவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2,000 மீற்றருக்கு மேல். கீழிருந்து மீன் ஏறி வர முடியாதபடி பெரும் நீர்வீழ்ச்சிகள். ஆகவே அங்கே பெரிய மீன் இல்லை என்றது உண்மை. ஆனால் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு நன்னீர் இறால் அந்த ஓடையில் வாழ்கிறது. லங்காரிஸ் சிங்ஹலென்சிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். நண்டுகள் உண்டு, தவளைகளும் வால்பேய்களும் உண்டு, கல்லுக்கடியில் பூச்சிகளின் இளம் பருவங்கள் உண்டு. வேட்டையாடும் மீன் இல்லாத தண்ணீரில் லட்சக்கணக்கான வருடம் வளர்ந்த உயிர்கள். ட்ரவுட் உண்பது பூச்சி, இறால், வால்பேய். வெறும் தண்ணீர் என்று எண்ணி மீனை விட்டவர்கள், உண்மையில் பந்தி வைத்த மேசையில்தான் அதைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் இங்கே இயல்பாகப் பெருகவில்லை. மீண்டும் மீண்டும் முட்டை வரவழைக்க வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில் வானவில் ட்ரவுட் கொண்டுவரப்பட்டது. அதற்குத்தான் நம் மலை பிடித்துப்போனது, தானாகவே இனம் பெருக்கியது. அது இங்கிலாந்து மீனுமல்ல, பசிபிக் சமுத்திரத்தின் வட கரைகளைச் சேர்ந்தது. இங்கிலாந்தை நினைவூட்டக் கொண்டுவந்த மீன் தோற்று, இங்கிலாந்துக்கும் அந்நியமான மீன் நிலைத்தது. இலங்கையிலிருந்து அதன் முட்டைகள் நீலகிரிக்கும் போயின. ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் இன்றும் ட்ரவுட் வளர்ப்பு நிலையம் இருக்கிறது.

1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் தொடங்கியது. அனுமதிச் சீட்டு, பிடிக்கக் கூடாத காலம், இத்தனை அங்குலத்துக்குச் சிறிய மீனைத் திரும்ப விட வேண்டும் என்ற விதி, இவைதான் இப்படிப்பட்ட கிளப்புகளின் வழக்கம். இதில் ஒரு நல்லதும் உண்டு, மறைக்கக் கூடாது. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, சுத்தமான, பிராணவாயு நிறைந்த தண்ணீர் வேண்டும். கரை மரம் வெட்டப்பட்டால் வெயில் விழுந்து தண்ணீர் சூடாகும். மண் அரித்து வந்தால் முட்டையை மூடிக் கொல்லும். ஆகவே மீனைக் காக்க நினைத்தவன் ஓடையையும் காக்க வேண்டியிருந்தது. மலைச்சரிவு முழுதும் தேயிலைக்காக மொட்டையடிக்கப்பட்ட காலத்தில், ஓடையின் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டவர்களில் தூண்டில்காரர்களும் இருந்தார்கள். பிடித்த மீனை நோகாமல் திரும்ப விடுவது, கொளுவில்லாத முள் பாவிப்பது, மீனைத் தொடுமுன் கையை நனைப்பது என்று இன்று உலகெங்கும் அவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்குகளும் அந்த அக்கறையின் தொடர்ச்சிதான்.

ஆனால் யாருக்காகக் காத்தார்கள் என்பதுதான் கேள்வி. ஓடையின் இருபக்கமும் லயங்களில் வாழ்ந்த மலையகத் தொழிலாளிக்கு அந்த மீன் எட்டாப் பொருள். உயிரியலில், வந்த இடத்தில் தானாகப் பெருகி நிலைத்த உயிரை இயல்புக் குடியாகிவிட்டது என்பார்கள். வானவில் ட்ரவுட்டுக்கு அந்தத் தகுதி சில பத்தாண்டுகளில் கிடைத்துவிட்டது. அதற்கு முன்பே வந்து, தலைமுறை தலைமுறையாக மலையைப் பசுமையாக்கிய மனிதர்களின் குடியுரிமையை 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் இல்லாமலாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கு போட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீனிடம் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை.

ஹோர்ட்டன் சமவெளி 1969இல் சரணாலயமானது. 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் சிவனொளிபாதமலைக் காப்பகத்தோடும் நக்கிள்ஸோடும் சேர்ந்து உலக மரபுரிமையானது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அந்தப் பக்கத்து மலைகளில்தான் ஊற்று. கண்டியில் நாம் குடிக்கும் தண்ணீரின் ஒரு பங்கு அங்கே பனியாகவும் சதுப்பு ஈரமாகவும் தொடங்குகிறது. அந்தப் பூங்காவில் இன்று பாதுகாக்கப்படுவது ஓடையும் இறாலும் தவளையும். ட்ரவுட் அங்கே விருந்தாளியா, வேட்டைக்காரனா என்பதுதான் இப்போதைய கேள்வி. நூறு வருடத்தில் பார்வை தலைகீழாகிவிட்டது.

இதையெல்லாம் துரைமார் செய்த பிழை என்று சொல்லிக் கையைக் கழுவ முடியாது. மலையிலிருந்து கீழே, நம் ஊருக்கு வருவோம். 1952இல் ஆபிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா நம் குளங்களில் விடப்பட்டது. அது ஏழை வீட்டுச் சட்டிக்கு மலிவான மீனைத் தந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் மகாவலிக்குச் சொந்தமான மீன்களும் இருக்கின்றன. பாறைப் பள்ளங்களில் வேகமான நீரில் வாழும் கடயா இந்த நதி அமைப்பைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பெரிய செதிலுடைய லெஹெல்லா இருக்கிறது. கல்லில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கல் பாண்டியா இருக்கிறது. நக்கிள்ஸ் அடிவாரத்து அம்பன் கங்கையில் மட்டுமே வாழும் மீன்கள் இருக்கின்றன. 1976இல் பொல்கொல்ல, 1985இல் கொத்மலை, விக்டோரியா என்று அணைகள் வந்தன. அவை தந்த மின்சாரத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் ஓடும் நீருக்குப் பழகிய மீனுக்குத் தேங்கிய நீர் வேறொரு நாடு.

இப்போது நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன ஒரு மீன் வாங்குகிறோம். டாங்க் கிளீனர் என்று விற்கிறார்கள். தென்னமெரிக்க மீன். அது கையளவு பெருத்ததும் தொட்டிக்குப் போதாது. கொல்ல மனம் வராது. பாவம் என்று மகாவலியிலோ பக்கத்துக் கால்வாயிலோ விட்டுவிடுகிறோம். நன்மை செய்த திருப்தியோடு வீட்டுக்கு வருகிறோம். அந்த மீன் ஏற்கெனவே இலங்கை நீர்நிலைகளில் பரவிவிட்ட ஆக்கிரமிப்பு மீன். அதன் கவசம் போன்ற தோலைக் கடிக்க நம் மீன்களால் முடியாது. நம் மீன் ஒட்டியிருக்கும் கல்லில்தான் அதுவும் ஒட்டும், அதே பாசியைத்தான் தின்னும். 1882இல் முட்டைப் பெட்டியைத் திறந்தவர்களும் நன்மை செய்வதாகத்தான் நினைத்தார்கள். அவர்களுக்கு அந்த ஓடையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நமக்கு அந்தச் சாக்கு இல்லை, ஏனென்றால் இன்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

ஒரு தண்ணீரையோ காணியையோ ஊரையோ பார்த்து, இங்கே ஒன்றுமில்லை என்று சொல்வது மிக எளிது. 1840இன் சட்டம் அதைத்தான் சொன்னது. தூண்டில்காரரும் அதைத்தான் சொன்னார்கள். அப்படிச் சொன்ன இடத்திலெல்லாம் யாரோ இருந்தார்கள், எதுவோ இருந்தது. பாதுகாப்பு என்பது எதைக் காப்பது என்று முடிவெடுப்பதற்கு முன், அங்கே என்ன இருக்கிறது என்று பெயர் சொல்லத் தெரிவதில் தொடங்குகிறது.

ஆகவே பெற்றோரிடம் மூன்று வேண்டுகோள்.

தொட்டி மீன் வேண்டாமென்றால் வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். ஆற்றில் விடாதீர்கள்.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை யார் செய்தாலும் பிள்ளைகள் முன் அதை வீரமாகப் பேசாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம். ஒரு பள்ளத்தில் போடும் ஒரு வெடி, அங்கே முட்டையிட வந்த மீனையும் குஞ்சையும் சேர்த்தே முடித்துவிடும்.

உங்கள் உம்மாவிடமும் வாப்பாவிடமும் மூத்தம்மாவிடமும், பக்கத்து வீட்டுச் சிங்கள மாமாவிடமும், தோட்டத்து அண்ணாவிடமும் கேளுங்கள்: அவர்கள் சின்ன வயதில் உங்கள் ஊர் ஓடையில் என்னென்ன மீன் இருந்தது? தமிழில் என்ன பெயர், சிங்களத்தில் என்ன பெயர்? இப்போது எது காணவில்லை?

கம்பளை, பேராதனை, அக்குரணை, கட்டுகஸ்தோட்டை, மடவளை, மாத்தளை என்று எந்த ஊர் என்பதையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். அடுத்த தவணையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஊர்வாரியாக ஒரு பட்டியல் செய்வதாக இருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், முடிந்ததும் இங்கேயே பதிவிடுகிறேன்.